பகிடி எங்கே மரியாதைக் குறைவாகிறது?

கடைப் பையன்கள் பின்னறையில் என் நடையைப் பகிடி பண்ணுவது எனக்குத் தெரியும். மூடை தூக்குகிற களைப்பு அதில் போகிறது, நான் கண்டுகொள்வதில்லை. படை முகாமிலும் இப்படித்தான். வெளியாள் முன்னிலையில் நடந்தால் கதை வேறு.

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைத் தளபதியாக இருந்த ஜெனரல் மக்கிறிஸ்டல், அப்போதைய உப ஜனாதிபதி பைடன் யாரென்றே தெரியாதவர் போலச் சிரித்தார். உடனே உதவியாளர் ஒருவர் அந்தப் பெயரையே திரித்தார். பக்கத்தில் 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையின் செய்தியாளர்! 2010 ஜூனில் அது வெளிவந்தது. 23ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா தளபதியின் இராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். தலைவர் சிரித்தால் கீழே இருப்பவருக்கு அது அனுமதிதானே.

சென்ற நோன்புக்கு முன், வாடிக்கையாளர்கள் நிற்க, கணக்கப்பிள்ளை என் பங்காளியைப் பகிடி பண்ணினார். நானும் சிரித்துவிட்டேன். பங்காளி இன்னும் கடைப் பக்கம் வரவில்லை.