வலியோடு ஒரு சவாரி

1952-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. குதிரையைப் பல வகையான நடைகளில் சீராகச் செலுத்திக் காட்டும் 'டிரஸ்ஸாஜ்' என்ற போட்டியில், டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் இப்போட்டியில் பெண்கள் ஆண்களுக்கு நிகராகக் கலந்துகொண்டது அதுவே முதல் முறை. அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே அவருடைய கால்கள் இயங்கா. பிறர் உதவியின்றி அவரால் குதிரை மீது ஏறவோ இறங்கவோ முடியாது.

இது எவ்வாறு இயன்றது? விபத்தோ நோயோ வந்தபின் வலியோடு பயிற்சிக்குத் திரும்புவோர் இதிலிருந்து என்ன அறியலாம்? பார்ப்போம்.

நரம்பின் கதை

1944-இல், தம் 23-ஆம் வயதில், லிஸ் ஹார்டெலை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். இந்நோயின் வைரஸ், தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. தசைகளுக்குக் கட்டளை அனுப்புபவை இவையே. உணர்ச்சி நரம்புகளை அது பொதுவாக விட்டுவிடுகிறது. ஆகவே நோயாளியின் கால் அசையாது. ஆனால் வலியை உணரும்!

எல்லா நரம்பணுக்களும் அழிவதில்லை. பிழைத்தவை புதிய கிளைகளை விட்டு, நரம்பை இழந்த தசையிழைகளில் சிலவற்றைத் தம் பொறுப்பில் ஏற்கின்றன. ஓர் ஆசிரியர் விடுப்பில் சென்றால் அடுத்த வகுப்பு ஆசிரியர் இரண்டு வகுப்புகளையும் கவனிப்பார் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். வேலை நடக்கும், ஆனால் களைப்பும் விரைவில் வரும். அளவான பயிற்சி இங்கு மிகவும் தேவைப்படுவது இதனால்தான்.

லிஸ் ஹார்டெல் நலமான பெண் குழந்தையைப் பெற்றார். ஊன்றுகோலோடு நடக்கப் பழகினார். பிறகு குதிரையிடம் திரும்பினார். 1947-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். ஒலிம்பிக் மேடைக்குச் செல்ல மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஒரு சிறு சோதனை

எழுந்து நின்று, இரு கைகளையும் இடுப்பெலும்பின் மீது வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கும். சற்றே முன்னும் பின்னும் திரும்பும். குதிரை நிதானமாக நடக்கும்போது, அதன் மேல் அமர்ந்திருப்பவரின் இடுப்பும் ஏறக்குறைய இவ்வாறே அசைகிறது. கால்கள் நடக்காவிட்டாலும் இடுப்பும் முதுகும் நடையைப் பயில்கின்றன! பின்னாளில் பல நாடுகளில் குதிரைச் சவாரியை மருத்துவப் பயிற்சியாகப் பயன்படுத்தியதற்கு இது ஒரு காரணம்.

இப்போது இன்னொன்று. குதிகால்களைச் சற்று உயர்த்தி, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு தரையில் இறக்குங்கள். அதிர்ச்சி தலைவரை எட்டும். முழங்காலைச் சிறிது மடக்கி மறுபடி செய்யுங்கள். அதிர்ச்சி குறைந்திருக்கும். வளையும் மூட்டு வில்லைப் போல் செயல்பட்டு, அதிர்ச்சியைச் சற்று நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது.

குதிரை துள்ளு நடை போடும்போது அதன் முதுகு வேகமாக ஏறி இறங்கும். வலியுள்ளவர் என்ன செய்வார்? வலிக்குமே என்று அஞ்சித் தசைகளை இறுக்குவார். இறுகிய உடல் வில்லாக இராது; கட்டையாகிவிடும். அதிர்ச்சி கூடும், வலியும் கூடும், உடல் மேலும் இறுகும். இந்தச் சுழலை உடைக்கத்தான் நல்ல ஆசிரியர், திரும்பி வரும் மாணவரை முதலில் மெதுநடையில் மட்டும், சிறிது நேரமே சவாரி செய்ய விடுகிறார்.

எந்த வலி நல்லது?

நீண்ட நாள் கழித்துச் சவாரி செய்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ தொடையின் உட்புறம் வலிக்கும். தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியன்று. அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்திலேயே நீங்கிவிடும். பழக்கமில்லாத வேலையால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைப் பழுதுபார்க்கும் வேலையுமே இவ்வலிக்குக் காரணம். சில நாட்களில் இது தானே தணியும். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி குறைவாகவே இருக்கும். தசை பாடம் கற்றுவிட்டது!

வேறு வகை வலியும் உண்டு. ஒரே இடத்தில் குத்தும் வலி, வீக்கம், காலுக்குப் பரவும் வலி, மரத்துப்போதல், கீழே விழுந்தபின் தலைவலி அல்லது வாந்தி: இவை எச்சரிக்கை மணிகள். உடனே சவாரியை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இங்கே பல்லைக் கடித்துக்கொள்வது வீரம் ஆகாது.

லிஸ் ஹார்டெலும் மருத்துவர்களின் எச்சரிக்கையை மீறியவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவர் வென்றதால், அவர்களின் அச்சம் வீண் என்று ஆகிவிடாது. இயங்காத கால்களோடு குதிரையிலிருந்து விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். கைவிடாத உறுதியை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கேளாமையை அன்று.

அவருடைய கால்கள் குணமாகவே இல்லை. காலால் தர வேண்டிய கட்டளைகளை உடல் எடையை மெல்லச் சாய்த்தும் முதுகை அசைத்தும் தந்தார். அவருடைய குதிரை 'ஜூபிலி' அவற்றைப் புரிந்துகொண்டது. பரிசளிப்பின்போது, தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயிண்ட் சிர் அவரை மேடையேற உதவினார். 1956-இல் லிஸ் ஹார்டெல் மீண்டும் ஒலிம்பிக் வெள்ளி வென்றார்.

பழைய நிலை திரும்பினால்தான் பயிற்சிக்குத் திரும்ப முடியும் என்பதில்லை. இருக்கும் உடலை அறிந்து, அதற்கேற்ற வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிந்தியுங்கள்: துள்ளு நடையில் ஓட்டுபவர் ஓர் அடிக்கு எழுந்தும் மறு அடிக்கு அமர்ந்தும் செல்வது ஏன்? குதிரையின் முதுகுக்கு அதனால் என்ன நன்மை?