ஊசி இல்லாத பச்சை

கேள்வி: என் அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். குத்திக் குத்தி விரல் நுனியே மரத்துப்போச்சு என்கிறார். பச்சை குத்தியதுபோல் தோலில் ஒட்டிக்கொண்டால் சர்க்கரை அளவை போனுக்கே அனுப்பும் 'ஸ்மார்ட் டாட்டூ' வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. வாங்கலாமா? தோலுக்குக் கெடுதலா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சர்க்கரை பார்ப்பதற்காக என்றால், இப்போது வாங்க வேண்டாம். அப்பாவின் குளுக்கோமீட்டரையும் ஓரங்கட்டிவிடாதீர்கள்.

ஆனால் அந்தத் தொழில்நுட்பம் கட்டுக்கதை அல்ல. பிள்ளைகள் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொள்ளும் டாட்டூ ஸ்டிக்கர் போன்றதுதான்; ஊசியும் இல்லை, மையும் இல்லை. 2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு இதைச் செய்து காட்டியது. சிலிக்கான் சட்டென்று உடையக்கூடியது. அதை மிக மெல்லிய ஏடாக்கி, கம்பிகளைப் பாம்புபோல் வளைத்து வளைத்து அமைத்ததால், தோல் இழுபடும்போது மின்சுற்றும் சேர்ந்தே இழுபட்டது. இதயம், மூளை, தசை ஆகியவற்றின் மின்துடிப்புகளை அது பதிவு செய்தது. 2022இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் ஏட்டாலான டாட்டூவை மணிக்கட்டில் ஒட்டி, மணிக்கணக்கில் ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இந்த வழிதான்.

சர்க்கரை விஷயம் வேறு. மின்துடிப்பு தானாகவே தோல்வரை வந்து சேரும். குளுக்கோஸ் அப்படி வராது. அதை வெளியே இழுக்க வேண்டும். 2015இல் சான் டியாகோவில் ஜோசப் வாங் குழு, தோலில் லேசான மின்சாரம் செலுத்தி அதை இழுக்கும் டாட்டூவைச் சோதித்தது. 7 பேர் சாப்பிட்டதும் சர்க்கரை ஏறியதை அது கண்டுகொண்டது. கடைக்கு வரும் பொருளாக அது இல்லை. இதே உத்தியில் 2001இல் அமெரிக்க அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச், பலருக்குத் தோலைச் சிவக்கவைத்து எரிச்சல் தந்தது. அதைச் சரிபார்க்கவும் விரலில் குத்தத்தான் வேண்டியிருந்தது! சில ஆண்டுகளில் சந்தையைவிட்டே போய்விட்டது.

தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. காரணம் சாதாரணமானதல்ல. சர்க்கரை கூடியிருப்பதாகத் தப்பாகக் காட்டி, அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால், அளவு தாழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

விரல் வலிதான் அப்பாவுக்குப் பெரிய தொல்லை என்றால், கையில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சி.ஜி.எம். சென்சார் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முடிபோன்ற ஓர் இழை தோலுக்கடியில் இருக்கும். சில வகைகள் இரண்டு வாரம் வரை தாங்கும். செலவு கொஞ்சம் கூடத்தான். ஒட்டிய இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதுவரை, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள், வலி குறையும். விரலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசியால் குத்தட்டும். மரத்துப்போவது கால் விரல்களிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது குத்தியதால் வந்ததாக இருக்காது; சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.