ஈரடுக்கு விமானம் தந்த பாடம்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாதிரி விமானம் செய்வதில் எனக்குச் சில ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆயினும் நான் செய்தவை யாவும் ஓரடுக்கு இறக்கை உடையவை. ஈரடுக்கு இறக்கை விமானத்தில் அண்மையில்தான் முதன்முதலாகக் கை வைத்தேன். அப்போது கற்றதை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நான் தேர்ந்தது முதல் உலகப் போர்க்காலத்துச் ‘சாப்வித் கேமல்’. 1916 டிசம்பரில் முதன்முதல் பறந்தது. இயந்திரத் துப்பாக்கிகளின் மேல் மூடிய தகடு ஒட்டகத்தின் திமில்போல் புடைத்திருந்தமையால் இப்பெயர் பெற்றது. இராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக் 1917-இல் இவ்வகை விமானத்தை ஓட்டிப் போரிட்டார். இதன் இறக்கை முனைக்கு முனை 28 அடி. 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ‘அரைச்சாண் வேலைதானே!’ என்று எண்ணினேன்.

பெட்டியைத் திறந்தேன். மேல் இறக்கை நேராக இருந்தது. கீழ் இறக்கையின் இரு முனைகளோ சற்று உயர்ந்திருந்தன. வார்ப்புப் பிழை என்று முடிவு கட்டி, அதனை வெந்நீரில் தோய்த்து நிமிர்த்தினேன். பிறகு இரண்டு இறக்கைகளுக்கும் இடையே தூண்களை நிறுத்தினால், ஒன்றும் மேலே எட்டவில்லை!

அதன் பின்னரே நூல்களைப் புரட்டினேன். விமானம் ஒருபுறம் சரிந்தால் மீண்டும் சமநிலைக்குத் திரும்ப, இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு துணை செய்யும். தயாரிப்பு எளிதாக வேண்டி மேல் இறக்கையை நேராக அமைத்தவர்கள், அதற்கு ஈடாகக் கீழ் இறக்கையின் சாய்வை இரட்டிப்பாக்கினர். பிழை வார்ப்பில் இல்லை; என்னிடமே இருந்தது. மீண்டும் வெந்நீர் வைத்து, தூண்களின் உயரத்தையே அளவாகக் கொண்டு சாய்வைத் திருப்பித் தந்தேன்.

அடுத்து வந்தவை கம்பிகள். துண்டுகளைத் தாங்கிவரும் சட்டத்தின் ஒரு குச்சியை மெழுகுவத்திச் சுடரருகே இளக்கி மெல்ல இழுத்தால், மயிரிழை போன்ற நூல் கிடைக்கும். அதனை அளந்து வெட்டி ஒட்டினேன். இக்கம்பிகளை முன்பு அலங்காரம் என்றே கருதியிருந்தேன். உடலின் அடியிலிருந்து மேல் இறக்கைக்கு ஏறும் கம்பிகள், பறக்கும்போது இறக்கைகள் மேலே மடங்காமல் இழுத்துப் பிடிப்பவை. மேலிருந்து கீழ் இறக்கைக்கு இறங்குபவை, தரையில் நிற்கையில் இறக்கைகளின் பாரத்தைத் தாங்குபவை. கம்பியின்றி அவ்விறக்கைகள் நில்லா.

புதிதாகத் தொடங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க: ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் பூசிவிடுக; மேல் இறக்கை ஏறியபின் தூரிகை உள்ளே நுழையாது. கம்பிகளை இறுதியிலேயே கட்டுக.

பழக்கம் நல்ல துணைதான். ஆயினும் வளைந்திருப்பதை நிமிர்த்தும் முன், அது ஏன் வளைந்துள்ளது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று. கேளாமையால் எனக்கு இருமுறை வெந்நீர் வைக்கும் வேலை வந்தது.