சில கணினிகளுக்கு மட்டும் இணையம் வராதது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் தினமும் காலையில் நான்கைந்து கணினிகளில் மட்டும் இணையமும் பிரின்டரும் வேலை செய்வதில்லை. கேபிளை மாற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கேபிளை விடுங்கள், ஐ.பி. முகவரியைப் பாருங்கள். பழுதான கணினியிலும் நன்றாக ஓடும் கணினியிலும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்து ஒப்பிடுங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை. ஒன்றில் 192.168.1, இன்னொன்றில் 192.168.0 என்று இருந்தால், இரண்டாவதாக ஒரு சர்வரும் முகவரி கொடுக்கிறது.

என் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான். வைஃபை எட்டாத மூலையில் யாரோ வீட்டு ரவுட்டரைச் செருகியிருப்பார்கள். பெரும்பாலும், முதலில் வரும் பதிலையே கணினி ஏற்கும். அதனால்தான் சிலவற்றுக்கு மட்டும் கோளாறு. 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்தால் முகவரி தந்த சர்வர் எது என்று தெரியும். அந்தக் கருவியின் மேக் முகவரி (வன்பொருள் அடையாள எண்) உங்கள் ஸ்விட்சில் எந்த போர்ட்டில் தெரிகிறதோ, அந்தக் கேபிளைப் பின்தொடருங்கள்.

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். கெட்ட எண்ணம் கொண்டவர் இதே வழியில் உங்கள் தகவல் போக்குவரத்தைத் தன் கருவி வழியே திருப்ப முடியும். மேனேஜ்டு ஸ்விட்சில், அனுமதியில்லாத சர்வர்களின் பதிலைத் தடுக்கும் 'டிஹெச்சிபி ஸ்னூப்பிங்' வசதி இருந்தால் இன்றே இயக்குங்கள். ரவுட்டர் வைத்தவரைக் கடிந்துகொள்ளாமல், அந்த மூலைக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் போட்டுக் கொடுங்கள்.