மாலை போடும் முன் பல்பைப் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கினால் டிசம்பர் வரை விடாது. அதற்குள் கார்த்திகை முதல் தேதி வந்துவிடும், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இரவோடு இரவாகக் கிளம்புவார்கள். அதன்பின் மார்கழிப் பனி, அதன் வாலில் போகிப் புகை. நம் ஊரில் காரின் ஹெட்லைட்டுக்கு உண்மையான வேலை இந்த மூன்று மாதம்தான். எனவே இந்த வாரத்திலேயே ஒருநாள் இருட்டிய பிறகு காரை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். முதலில் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். நாலைந்து வருட வெயிலில் பழுத்து, மோர் படிந்த டம்ளர் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பின்னால் எந்த பல்பைப் போட்டாலும் வெளிச்சம் சிதறத்தான் செய்யும். நல்ல கடையில் பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் மேல்பூச்சும் கொடுக்கச் சொல்லுங்கள். பற்பசை தேய்ப்பது இரண்டு மாதத்துக்குக்கூட நிற்காது.

அடுத்தது கரண்ட். ஹாலஜன் பல்புக்கு வந்து சேரும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பச்சை பூத்த எர்த் வயரும், தளர்ந்த ஹோல்டரும் இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. "பல்பு வீக்கு சார்" என்று அவர் மீட்டரை எடுக்காமலே சொன்னால் வேறு கடை பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, பல்பு மட்டும் பழசாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். ஒன்று போனால் ஒரே வயதுள்ள மற்றதும் பின்னாலேயே போகும். எதை வாங்குவது என்பது காரோடு வந்த புத்தகத்திலும், பழைய பல்பின் உலோக அடியிலும் இருக்கும். எச்4 என்றால் 12 வோல்ட், 60/55 வாட்: பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. எச்7, எச்11 இரண்டும் 55 வாட், ஒற்றை இழை. வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால், அது ஐ.நா. வாகன விதிகளின்படி ஒப்புதல் பெற்ற பல்பு என்று பொருள். அந்த முத்திரையில்லாமல் பெட்டியில் பளபளப்பான படம் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நல்ல சரக்கும் உண்டு, நகலும் உண்டு. பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள்.

இனி 100/90 வாட் பல்பின் கதை. சில வருடங்களுக்கு முன் நானே விழுந்த குழி இது. "கம்பெனி வயரிங்கே தாங்கும் சார்" என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டினேன். 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் என்றால் ஏறத்தாழ 17. அந்த பல்போடு போன இரவுப் பயணத்தில், வண்டிப்பெரியாறு தாண்டியதும் காருக்குள் பொசுங்கிய நாற்றம். பீர்மேட்டில் இடதுபக்க விளக்கு நின்றது. குட்டிக்கானம் மூடுபனியில் ஒரு கேரள அரசுப் பேருந்தின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே முண்டக்கயம் வரை இறங்கினோம். காலையில் பானட்டைத் திறந்தால், ஹோல்டர் பிளாஸ்டிக் உருகி ஓடி பல்பின் மூன்று பின்களோடும் ஒட்டிக்கிடந்தது. கழற்ற முடியவில்லை, வயரை வெட்டித்தான் எடுத்தோம். ரிலேயும் பீங்கான் ஹோல்டரும் போட்டால் வயர் தப்பும். ஆனால் அந்தச் சூட்டில் ரிஃப்ளெக்டரின் பளபளப்பு உரியத் தொடங்கும், எதிரே வருபவர் கண்ணும் கூசும். காரைத் தயாரித்தவர் சொன்ன வாட்டைத் தாண்டாதீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது எல்.இ.டி. பல்பு பற்றி. கையில் ஒரு பழைய எச்4 இருந்தால் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை, டிம் இழைக்கு அடியில் மட்டும் சின்னக் கரண்டி போல ஓர் உலோகத் தகடு. அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. மேல்பாதி ரிஃப்ளெக்டரில் பட்ட வெளிச்சம் மட்டும் சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. சுவரில் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கோடு தெரிவது அதனால்தான். அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் இழை இருக்கும் அந்த ஓரிடத்துக்காகக் கணக்குப்போட்டு வார்த்தது. அங்கே தட்டையான சிப்புகளை இரண்டு பக்கமும் ஒட்டிய குச்சியைச் செருகினால், ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோடு கலைந்துவிடும். மழை நேரத்தில் இது இன்னும் மோசம். நனைந்த தார் கண்ணாடிபோல் வெளிச்சத்தை எதிரே வருபவர் முகத்தில் வீசும். ஓட்டுபவருக்கோ பானட்டுக்கு முன்னால் பத்தடி பளீரென்றிருக்கும். அந்தப் பளீரில் கண்மணி சுருங்கி, தூரத்து மாடு தெரியாது.

உங்கள் ஹெட்லைட் எதற்காகச் செய்தது என்பதைப் பல கார்களில் அதன் கண்ணாடியே சொல்லும். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'எச்.சி.ஆர்.' என்று பொறித்திருந்தால் அது ஹாலஜன் பல்புக்கான விளக்கு. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.யோடு வந்த கார்களின் கதை வேறு, அங்கே விளக்கே எல்.இ.டி.க்காக வடிவமைத்தது. ஜெர்மனியில் 2020இல் ஹாலஜனுக்குப் பதில் போடும் ஓர் ஆஸ்ராம் எல்.இ.டி. பல்பை அனுமதித்தார்கள், அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். நம் சட்டத்திலோ அதற்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று 2019 திருத்தம் சொல்கிறது. போலீஸார் ஹெட்லைட்டின் நடுவில் ஒட்டிவிடும் கருப்பு ஸ்டிக்கரால் எல்.இ.டி.யின் கண்கூச்சம் தீராது.

நீலம் பூசிய 'சூப்பர் ஒயிட்' ஹாலஜனும் வேண்டாம். அந்த நீலப் பூச்சு, வர வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. மழையில் சாதாரண பல்பே மேல்.

ஃபாக் லைட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. எச்8 என்பது 35 வாட், எச்11 என்பது 55, எச்16 என்பது 19. மூன்றும் அண்ணன் தம்பி போல ஒரே சாயலில் இருக்கும். மாறிப் போகக்கூடாது என்றுதான் அடியில் இருக்கும் சின்னக் காதுகளை வெவ்வேறாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காதைப் பிளேடால் சீவி, 19 வாட்டுக்குச் செய்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் 55 வாட்டைத் திணிக்கும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். கூடு இளகும். அந்தச் சூட்டோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால் விளக்கின் கண்ணாடி விரிசல் விடும்.

மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பிரான்ஸிலிருந்து ஊட்டி வரை உண்டு. பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பனித்துளி ஒளியலையைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சள் சிலருடைய கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவுதான். ஃபாக் லைட்டின் பலம் நிறத்தில் இல்லை. அது தாழ்வாக இருந்து, பனியின் அடியில் அகலமாகப் பரவுகிறது. பனியில் டிம்மும் ஃபாக்கும் போதும். பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான்.

மாட்டும்போது விளக்கை அணைத்து, பல்பு ஆறிய பிறகு தொடுங்கள். புதிய பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பின்பக்கத்து ரப்பர் மூடியை முழுசாக அமுக்கி உட்காரவையுங்கள். எல்.இ.டி. பல்பின் விசிறிக்காக அதை வெட்டிய கார்களில்தான் முதல் மழைக்கே ரிஃப்ளெக்டர் வியர்த்து நிற்கும்.

மறுபடி சுவருக்கு வாருங்கள். டயரில் சரியான காற்று, சீட்டில் ஓட்டுநர், ஹெட்லைட் உயரத்தை மாற்றும் டேஷ்போர்டு குமிழ் 0இல். பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் போட்டால் வெளிச்சக் கோடு அந்தக் குறிக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும், இடது ஓரம் மட்டும் மேலே ஏறலாம். குறியைத் தாண்டினால் திருப்புளியால் சரிசெய்யச் சொல்லுங்கள்.

யாத்திரையன்று ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறியதும் காரின் பின்பக்கம் தாழ்ந்து முகம் தூக்கும். அப்போது அந்தக் குமிழை 2க்கோ 3க்கோ திருப்புங்கள். வீடு திரும்பி மூட்டையை இறக்கியதும் 0க்குக் கொண்டுவாருங்கள்.