பயன்படுதன்மை: மேம்பாட்டு ஆலோசனை எழுதும் முறை

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

மாணவர்களே, ஒரு முறைமையின் திரையைத் தந்து, “இதன் பயன்படுதன்மையை மேம்படுத்துவதற்கு மூன்று ஆலோசனைகள் தருக” என வினவினால் பலர் எழுதும் விடை பின்வருமாறு அமைகிறது:

“பக்கத்தைக் கவர்ச்சியாக அமைத்தல் வேண்டும். நல்ல நிறங்களைப் பயன்படுத்தல் வேண்டும். இலகுவாக்குதல் வேண்டும்.”

இவ்விடையில் பிழை இல்லை, விடயமும் இல்லை. இதனை எந்தத் திரைக்கும் எழுதலாம். திரையைப் பார்க்காமலேயே எழுதலாம். இவ்வாறான விடைக்குப் புள்ளி வழங்க விரும்பும் ஆசிரியருக்கும் எதற்காக வழங்குவது என்று தெரியாது. ஆலோசனை எங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

பயன்படுதன்மை என்றால் என்ன?

சர்வதேச நியமங்கள் அமைப்பு (ஐ.எஸ்.ஓ.) 1998 இல் வெளியிட்ட 9241-11 ஆம் இலக்க நியமம் பயன்படுதன்மையை வரையறுத்தது. அது 2018 இல் திருத்தப்பட்டபோதும் அடிப்படை மாறவில்லை. குறித்த பயனர், குறித்த நோக்கம் ஒன்றை, குறித்த சூழலில் அடைவதற்கு ஒரு முறைமையைப் பயன்படுத்தும்போது காணப்படும் விளைதிறன், வினைத்திறன், திருப்தி என்பவற்றின் அளவே பயன்படுதன்மை ஆகும். விளைதிறன் என்பது எடுத்த காரியம் சரியாக முடிந்ததா என்பது. வினைத்திறன் என்பது அதற்கு எவ்வளவு நேரமும் முயற்சியும் சென்றன என்பது. திருப்தியை விளக்க வேண்டியதில்லை.

“குறித்த” என்னும் சொல் மூன்று முறை வருவதைக் கவனியுங்கள். யார், எதற்காக, எங்கே என்று கேட்காமல் ஒரு திரை நல்லதா கெட்டதா என்று கூற முடியாது. முறைமை விருத்தியில் பயன்படுதன்மையைச் செயற்பாடு சாராத தேவைகளுள் ஒன்றாகக் கற்றிருப்பீர்கள். “செயற்பாடு சாராத” என்பதால் முக்கியம் குறைந்தது என எண்ணி விடாதீர்கள். பின்வரும் உதாரணத்தைப் பாருங்கள்.

ஒரு வாக்குச்சீட்டின் கதை

2000 ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் துளையிடும் அட்டை மூலம் வாக்களிக்கும் முறை இருந்தது. வேட்பாளர் பெயர்கள் அச்சிடப்பட்ட சிறு புத்தகத்தின் நடுவில் துளைகள் ஒரே நிரலில் மேலிருந்து கீழாக அமைந்திருக்கும். வாக்காளர் கூரிய கருவியொன்றால் உரிய துளையில் குத்த வேண்டும்.

அம்முறை வேட்பாளர் தொகை அதிகம். முதியோர் நிறைந்த மாவட்டம் அது. எனவே எழுத்தைப் பெரிதாக அச்சிடும் நோக்கத்துடன் பெயர்களை இரு பக்கங்களில் பிரித்தனர். இடப்பக்கத்தில் முதலாவது பெயர் புஷ், இரண்டாவது பெயர் கோர். வலப்பக்கத்தில் முதலாவது பெயர் பியூக்கனன். இரு பக்கங்களுக்கும் உரிய துளைகள் நடுவில் ஒரே நிரலில் வந்தன. ஆகவே முதலாவது துளை புஷ்ஷுக்கு, இரண்டாவது துளை பியூக்கனனுக்கு, மூன்றாவது துளையே கோருக்கு.

ஒரு தாளில் இதனை வரைந்து பாருங்கள். இடப்பக்கத்தை மட்டும் வாசித்தவருக்குக் கோர் இரண்டாவது பெயர். இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளையில் குத்துவது இயல்பு. பெயரிலிருந்து துளைக்குச் செல்லும் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. மாதிரிச் சீட்டும் முன்கூட்டியே வாக்காளருக்கு அனுப்பப்பட்டிருந்தது. இருந்தும் அம்மாவட்டத்தில் பியூக்கனனுக்கு 3,400 இற்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை தமக்கு உரியவை அல்ல என அவரே பகிரங்கமாகக் கூறினார். மேலும், ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் குத்தப்பட்டிருந்த 19,000 இற்கும் அதிகமான சீட்டுகள் செல்லுபடியற்றவையாயின. அவற்றுட் சில, தவறை உணர்ந்தவர் திருத்த முயன்றதன் விளைவு என்று எளிதில் ஊகிக்கலாம். குத்திய துளையை மூட வழியில்லை.

புளோரிடாவில் புஷ் பெற்ற மேலதிக வாக்குகள் 537 மாத்திரமே. அம்மாநில முடிவே ஜனாதிபதி யார் என்பதைத் தீர்மானித்தது.

“வாக்காளர் கவனயீனமாக இருந்தனர்” என்று அப்போது சொன்னவர்கள் இருந்தனர். இக்கூற்றைச் சோதிப்பதற்கு ஒரு வழி இருந்தது. அதே மாவட்டத்தின் தபால்மூல வாக்குச்சீட்டில் இந்த இருபக்க அமைப்பு இருக்கவில்லை. அங்கே பியூக்கனனுக்குக் கிடைத்த வாக்கு வீதம், தேர்தல் தினத்தில் கிடைத்த வீதத்தின் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு மட்டுமே. மாவட்டம் ஒன்று, வேட்பாளர் அவர்களே, அமைப்பு மட்டும் வேறு. தவறு எங்கே இருந்தது என்பதை இனி நீங்களே கூறலாம்.

இங்கு மூன்று விடயங்களை அவதானிக்க வேண்டும். முதலாவது, வடிவமைத்தவரின் நோக்கம் நல்லது. எழுத்தைப் பெரிதாக்குவதும் பயன்படுதன்மை சார்ந்த ஆலோசனைதான். ஆனால் ஒரு குறையைத் தீர்க்க எடுத்த நடவடிக்கை அதைவிடப் பெரிய குறையைக் கொண்டுவந்தது. நாம் எழுதும் ஆலோசனைக்கும் இது பொருந்தும். இரண்டாவது, அம்புக்குறியும் மாதிரிச் சீட்டும் விளக்கங்களே. அமைப்பு ஒன்றைச் சொல்ல, விளக்கம் வேறொன்றைச் சொன்னால் அவசரத்தில் இருப்பவர் அமைப்பையே நம்புவார். எனவே “வாக்காளருக்கு மேலும் அறிவுறுத்தல் வழங்குக” என்பது பலவீனமான ஆலோசனை. “எல்லாப் பெயர்களையும் ஒரே நிரலில் அமைத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு துளை வைக்குக” என்பதே பலமானது. எமது நாட்டின் வாக்குச்சீட்டில் பெயர், சின்னம், அடையாளமிடும் கூடு ஆகியன ஒரே நிரையில் வருகின்றன. 2024 ஜனாதிபதித் தேர்தலில் மிகப் பல பெயர்கள் இடம்பெற்றதால் சீட்டு மிக நீண்டது. அது வசதியீனமே, ஆயினும் யாருடைய கூடு எது என்ற ஐயம் எழவில்லை. மூன்றாவது, தவறைத் திருத்திக்கொள்ள இடமில்லாத அமைப்பில் சிறு தடுமாற்றமும் பெருநட்டமாகிறது.

தடுமாற்றத்தைக் கண்டுபிடித்தல்

ஆலோசனைக்கு முன் அவதானிப்பு வேண்டும். ஒருவரைத் திரைக்கு முன் இருத்தி, உண்மையான ஒரு வேலையைக் கொடுங்கள். “இத்தளம் எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக “நன்றாக இருக்கிறது” என்பார். “அடுத்த வியாழக்கிழமைக்கு ஓர் ஆசனம் பதிவு செய்யுங்கள்” என்று கூறுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேளுங்கள். பின்னர் வாயை மூடிக்கொண்டு பார்த்திருங்கள். இதுவே மிகக் கடினம். அம்மா தவறான பொத்தானைத் தேடிக் கொண்டிருக்கும்போது “இங்கே அம்மா, இங்கே” என்று விரல் நீட்டாமல் இருப்பது இலேசல்ல. நீட்டினால் பரிசோதனை முடிந்துவிடும்.

எத்தனை பேர் தேவை? பயன்படுதன்மை ஆய்வாளர் யேக்கப் நீல்சன் 2000 இல் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரைக் கொண்டே ஏறத்தாழ 85 சதவீதமான குறைகளைக் கண்டுவிடலாம் எனக் கணித்துக் காட்டினார். பலரை ஒரே தடவையில் சோதிப்பதிலும், ஐவரைச் சோதித்துத் திருத்தி மீண்டும் ஐவரைச் சோதிப்பது மேல் என்பதே அவர் கருத்து. ஆயின் ஐவரும் உங்கள் வகுப்பு நண்பர்களாக இருந்தால், பாட்டனாரின் தடுமாற்றம் உங்களுக்குத் தெரியவராது.

எமது திரைகளில் அடிக்கடி காணப்படும் குறைகள்

அடையாள அட்டை இலக்கம் கேட்கும் படிவத்தை எடுத்துக்கொள்வோம். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளின் எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. உங்கள் அட்டையைப் பாருங்கள். முன்னர் வழங்கப்பட்டவற்றில் 9 இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அப்பாவின் அட்டை பெரும்பாலும் அவ்வகையானது. கூட்டில் ஒரு வகை எண்ணை மட்டும் ஏற்கும் படிவம், மற்றவரை “தவறான எண்” என்று திருப்பி அனுப்பும். எண் தவறல்ல. இரு வகைகளையும் ஏற்கச் செய்து, கூட்டின் அருகில் இரண்டிற்கும் மாதிரி காட்டுவதே திருத்தமாகும்.

தமிழில் தேடும்போது வேறொரு இடர் உண்டு. “தொழினுட்பம்” என்று நாம் எழுதுவதை இன்னொருவர் “தொழில்நுட்பம்” என்று எழுதுவார். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டும் விடை தரும் தேடற்கூடு, இருக்கும் பொருளையே இல்லை என்று சொல்லும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் உள்ளிட்ட பதிவுகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டு இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் தட்டச்சிட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது. ஒருங்குறியில் 1991 இன் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்குத் தனியிடம் உண்டு. எனவே பழைய பதிவுகளை ஒருங்குறிக்கு மாற்றுமாறு கூறுவது திட்டவட்டமான ஓர் ஆலோசனையாகும்.

படிவத்தின் ஓரிடத்தில் பிழை விட்டால் நிரப்பிய அனைத்தும் அழிந்துபோதல், தமிழ்ப் பக்கத்தில் பிழைச்செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வருதல், சிவப்பு, பச்சை நிறங்களால் மட்டும் சரி பிழையைக் காட்டுதல் (இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாதோர் உளர்) ஆகியனவும் அடிக்கடி காணக்கூடியவை.

மாதிரி வினா

ஒரு பாடசாலை நூலகத்தின் இணையவழிப் பக்கத்தில் மாணவர் நூலைத் தேடி ஒதுக்கிக்கொள்ளலாம். நூலின் முழுப்பெயரையும் சரியாகத் தட்டச்சிட்டால் மட்டுமே அது தோன்றும். “ஒதுக்கு” என்னும் பொத்தானை அடுத்து, அதே நிறத்திலும் அளவிலும் “யாவற்றையும் நீக்கு” என்னும் பொத்தான் உள்ளது. “ஒதுக்கு” என்பதைச் சொடுக்கிய பின் திரையில் மாற்றம் எதுவும் நிகழாது. பக்கத்தின் தலைப்பு மங்கலான நிறத்தில் உள்ளது. பயன்படுதன்மையை மேம்படுத்த மூன்று ஆலோசனைகள் தருக.

மாதிரி விடை

1. முழுப்பெயரும் நினைவில் இல்லாத மாணவர், நூலகத்தில் உள்ள நூலையும் கண்டுபிடிக்க மாட்டார். பெயரின் ஒரு பகுதியையோ ஆசிரியர் பெயரையோ கொண்டு தேடவும், தட்டச்சிடும்போதே ஒத்த பெயர்கள் பட்டியலாகத் தோன்றவும் வகைசெய்ய வேண்டும்.

2. ஒதுக்கீடு நடந்ததா என்று தெரியாததால் மாணவர் மீண்டும் மீண்டும் சொடுக்குவார். ஒரே நூல் பல தடவை ஒதுக்கப்படலாம். சொடுக்கியவுடன் நூலின் பெயர், பெற வேண்டிய திகதி ஆகியவற்றுடன் “ஒதுக்கப்பட்டது” என்ற செய்தி தோன்ற வேண்டும்.

3. இரு பொத்தான்களும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருப்பதால் தவறுதலாக யாவும் நீங்கிவிடக்கூடும். நீக்கும் பொத்தானைத் தள்ளி வைத்து, வேறு தோற்றம் கொடுத்து, நீக்கியதை மீளப்பெறவும் வழி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு விடையிலும் பயனர் எங்கே தடுமாறுகிறார், அதனால் என்ன நேர்கிறது, எதை எவ்வாறு மாற்றுவது என்னும் மூன்றும் இருப்பதைக் காண்க. தலைப்பின் நிறம் ஏன் விடப்பட்டது? அதுவும் குறையே, எழுதியிருந்தால் பிழையாகாது. ஆனால் தலைப்பு மங்கலாக இருந்தும் மாணவர் நூலைப் பெற்றுவிடுவார். ஏனைய மூன்றும் அவரை நூல் இல்லாமல் திருப்பி அனுப்பக்கூடியவை. மூன்று மட்டுமே கேட்கப்படும்போது வேலையைத் தடுக்கும் குறைகளுக்கே முதலிடம்.

“உதவிப் பக்கம் ஒன்றைச் சேர்க்கலாம்” என்று எழுத நினைத்தவர்கள் வாக்குச்சீட்டின் அம்புக்குறிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கவும்.

பயிற்சி

1. விளைதிறன், வினைத்திறன் ஆகியவற்றை வேறுபடுத்துக. மாதிரி வினாவில் கூறப்பட்ட ஒவ்வொரு குறையும் இவற்றுள் எதனைப் பாதிக்கிறது?

2. பாம் பீச் வாக்குச்சீட்டில் எழுத்தையும் சிறிதாக்காமல், பெயர்களையும் இரு பக்கங்களில் பிரிக்காமல் அமைக்க முடியுமா? உமது அமைப்பை வரைந்து, அதனால் ஏற்படக்கூடிய புதிய வசதியீனம் ஒன்றையும் குறிப்பிடுக.

3. பிறந்த திகதிக் கூட்டில் 03/04/2009 என ஒருவர் நிரப்பினார். இதிலுள்ள இடர் யாது? அதனைத் தவிர்க்கக் கூட்டை எவ்வாறு மாற்றியமைப்பீர்?

4. உமது வீட்டில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் கையடக்கத் தொலைபேசியில் புதிய தொடர்பு இலக்கம் ஒன்றைச் சேமிக்கச் சொல்லுக. உதவி செய்யாது அவதானித்து, அவர் நின்று யோசித்த இடங்களை வரிசையாக எழுதுக. அவற்றுள் ஒன்றுக்கு ஆலோசனை தருக.