முன்பணம் எதற்கு?

கேள்வி: கலிபோர்னியாவில் என் மகள் அரசுக் காப்பகத்தில் பூனைக்குட்டியைத் தத்தெடுக்கப் போனாள். குட்டிக்கு உடம்பு சரியில்லை, கருத்தடைக்கு முன்பணம் கட்டுங்கள் என்றார்களாம். இது நியாயமா? - வாசகி, திருச்சி

பதில்: நியாயம்தான். அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டிகளில் (மாவட்டங்களில்), கருத்தடை செய்யாத நாயையோ பூனையையோ தத்துக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. நோயுற்ற குட்டிக்கு மட்டும் தவணை உண்டு. அதற்குத்தான் 40 முதல் 75 டாலர் வரை முன்பணம். குணமானதும் அறுவை சிகிச்சை முடித்துச் சான்றிதழைக் காட்டினால் பணம் திரும்பிவிடும். இந்தக் கண்டிப்பு ஏன் என்றால், பூனை பிறந்த நாலைந்து மாதத்திலேயே சினைப்பட்டுவிடும். அடுத்த இரண்டு மாதத்தில் குட்டிகள்! வளர்க்க ஆளில்லாவிட்டால் அவையும் அதே காப்பகத்துக்குத்தான் வரும். இடமில்லாத காப்பகங்களில் ஊசி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. நாய்க்கென்றால் இன்னொரு சலுகையும் உண்டு: கருத்தடை செய்திருந்தால் உரிமக் கட்டணம் பாதிக்கு மேல் வாங்கக்கூடாது. மகளைத் தயங்காமல் கட்டச் சொல்லுங்கள்.